மல்லாக்கத்தான் போட்டேன்

ஆட்டோ கவரைப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி மண்ரோட்டில் திரும்பியபோது உச்சி வெயில். பின்சீட்டில் ஜெபா முந்தானையை விரித்துக் குழந்தைக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு அவள் புருஷன் மோசஸ். காலடியில் பக்கெட், மடியில் சுருட்டிய பாய், தோளில் ஆஸ்பத்திரிப் பை. ஆஸ்பத்திரியில் தொடங்கிய அழுகையைக் குழந்தை இன்னும் நிறுத்தவில்லை. பால் கொடுத்தாலும் அழுதது, தோளில் போட்டாலும் அழுதது.

"பொண்ணுக்கு நல்ல தொண்டைம்மா," என்றார் டிரைவர்.

ஜெபாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. தையல் போட்ட இடம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சுருக்கென்றது. தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். போவதற்கு அங்கே அம்மா இல்லை, காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மோசஸின் அம்மா ரோசம்மாளோ, பக்கவாதத்தில் விழுந்த புருஷனை விட்டு நகர முடியாமல் பள்ளிப்பட்டிலேயே கிடந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இவர்கள் இரண்டு பேர்தான். அதிலும் மோசஸுக்கு கும்மிடிப்பூண்டியில் இரும்புக்கம்பி ஆலையில் நைட் ஷிப்ட்.

வீடு வரிசையின் கடைசியில் இருந்தது. பேய் வீடு என்று சொல்ல அதில் ஒன்றுமே கிடையாது. தளம் போட்ட கூரை, டைல்ஸ் தரை, சுவரில் இன்னும் வெளுக்காத பச்சைப் பெயிண்ட். முன்னால் ஒரு கூடம், உள்ளே ஓர் அறை, பின்னால் துணி துவைக்கும் கல். வீட்டுக்காரர் சடையப்பன் ஒரு காலத்தில் அங்கே நெல் போட்டவர். நிலத்தில் பாதி கம்பெனிகளுக்குப் போக, மிச்சத்தில் வாடகைக்கு வீடு கட்டி விட்டிருந்தார். வாசலில் நின்றபடியே சாவியைக் கொடுத்தார். உள்ளே வரவில்லை.

"ஜன்னலை மட்டும் தொறந்து வெக்காதீங்க. கம்பெனித் தூசி மொத்தமும் உள்ளதான் வரும்," என்றார். ரோட்டோரத்து வேப்பமரங்களின் இலைகூடப் பச்சையாக இல்லை. துரு நிறத்தில் இருந்தது.

ஜெபா குழந்தையோடு உள்ளறைக்குள் காலெடுத்து வைத்தாள்.

அழுகை நின்றது.

ஸ்விட்சை அணைத்தது போல நின்றது. குழந்தை வாயை மூடி, கண்ணை அகல விழித்து, அறையின் ஒரு மூலையைப் பார்த்தது.

"பாத்தியா! ஊடு புட்ச்சிப் போச்சி மகாராணிக்கு," என்று மோசஸ் சிரித்தான்.

ஜெபாவும் சிரித்தாள். அப்போதுதான் அந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. சேற்று வாடை. நடவுக்குத் தண்ணீர் கட்டி உழுது வைத்த வயலிலிருந்து வருமே, அந்த வாடை. கூலிக்கு நாற்று நட்ட அம்மாவின் புடவையில் தினமும் முகர்ந்து வளர்ந்தவள் அவள். தப்பாக நினைக்க வழியில்லை. டைல்ஸ் தரை சொட்டு ஈரமில்லாமல் உலர்ந்திருந்தது. அடியில் பழைய வயல்தானே, ஈரம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நாளே கிராம செவிலியர் திலகவதி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். குழந்தையின் தொப்புளைப் பார்த்தார், எடை போட்டார். ஜெபா கிழிந்த புடவைகளை மெத்தை போல மடித்து, ஒரு குட்டித் தலையணையும் வைத்து, சுற்றிலும் துணியை அணைகட்டி வைத்திருந்ததைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒன்றொன்றாக எடுத்துப் போட்டார்.

"இதெல்லாம் வேணாம்மா. கெட்டியான பாய், மேல இழுத்து விரிச்ச ஒரு துணி, அவ்ளோதான். மல்லாக்கப் படுக்க வை. மூஞ்சில எதுவும் வுழக்கூடாது. ரொம்பச் சுத்திப் போத்தாத, இந்தச் சூட்டுல வெந்து போயிடும். உன் பக்கத்துலயே இருக்கட்டும், ஆனா உன் பாய்ல வேணாம். நீ அசந்து தூங்குறப்ப உன் கை அது மேல கெடந்தாலும் உனக்குத் தெரியாது."

"சரிங்க சிஸ்டர்."

"குப்புறப் போட்டா நல்லா தூங்கும்னு யாராச்சும் வந்து சொல்லுவாங்க. கேக்காத." திலகவதி பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். "நல்லாத்தான் தூங்கும். எழுந்திருக்கிறதுதான் கஷ்டம்."

ஜெபா அதை வேதவாக்கியமாக எடுத்துக்கொண்டாள். தாயில்லாதவளுக்கு வேறு யார் சொல்லித் தர இருக்கிறார்கள்? பாயைக் கூடத் தட்டித் தட்டிப் பார்த்து விரித்தாள். ஒவ்வொரு முறையும் குழந்தையை மல்லாக்கப் போட்டு, கழுத்து மடங்கவில்லையே, மூக்கில் துணி படவில்லையே என்று குனிந்து பார்த்தாள்.

குழந்தையும் தூங்கியது. அந்த அறையில் அது தூங்கிய தூக்கத்தை இருவரும் வரமென்று நினைத்தார்கள். கூடத்தில் போட்டால் சிணுங்கும். உள்ளறையில் போட்டால் கண்ணை மூடும்.

மோசஸ் காலையில் வருவான், சாப்பிடுவான், கூடத்தில் கட்டையாக விழுவான். தெருவில் ஷிப்டுக்குப் போனவர்கள் போக, தூங்குகிறவர்கள் தூங்க, மத்தியானத்தில் அந்த வரிசை முழுதும் செத்தது போல் கிடக்கும். ஜன்னலைச் சாத்தியிருப்பதால் உள்ளறை பட்டப்பகலிலும் இருட்டுக் கட்டி நிற்கும். தூரத்தில் ஏதோ ஆலையின் சம்மட்டி மெஷின் டம், டம் என்று இடித்துக்கொண்டேயிருக்கும்.

ஒரு நாள் அந்த இடிக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது.

பொத்… பொத்… பொத்…

ஜெபா பின்கட்டில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம். மோசஸ் எழுந்துவிட்டான் போல என்று நினைத்தாள், மனசு நிறைந்தது. ஆலையில் இரும்பைப் புரட்டுகிற கை, எவ்வளவு பதமாகத் தட்டுகிறது.

துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தில் மோசஸ் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளறையில் சேற்று வாடை.

குழந்தை குப்புறக் கிடந்தது.

மூக்கும் வாயும் விரித்த துணிக்குள் புதைந்திருந்தன. ஜெபா பாய்ந்து எடுத்தாள். தலை துவண்டு அவள் கைமீது சாய்ந்தது. ஒரு கணம் எதுவுமே இல்லை. பிறகு குட்டி மார்பு விம்மி ஒரு மூச்சை இழுத்தது.

"மாமா! நீ எதுக்குக் குப்புறப் போட்ட?"

மோசஸ் திடுக்கிட்டு உட்கார்ந்தான். "நானா? நான் தொடவே இல்லியே. இப்பதான கண்ணை மூட்னேன்."

"அப்ப யாரு?"

"நீதான் மறந்துட்டிருப்ப. தூக்கம் இல்ல ஒனக்கு."

"மல்லாக்கத்தான் போட்டேன் மாமா."

அவனுக்குத் தூக்கத்தில் கண் சொக்கியது.

அதற்குப் பிறகு அது அடிக்கடி நடந்தது. அடுப்பை அணைக்கப் போய்வருவதற்குள் நடந்தது. சுவரில் சாய்ந்து ஒரு நொடி அசந்தால் நடந்தது. ஒவ்வொரு முறையும் குழந்தை கையில் இன்னும் கொஞ்சம் துவண்டு வந்தது; இன்னும் கொஞ்சம் தாமதமாக மூச்சு விட்டது. ஜெபா ஜெபம் பண்ணிப் பார்த்தாள். குழந்தையைக் கூடத்தில், மோசஸின் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் நடந்தது.

திலகவதி மறுபடி வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சிஸ்டர், கொழந்த தானாத் திரும்புமா?"

"இந்த வயசுலயா? கழுத்தே நிக்காதும்மா. நாலு மாசமாவது போவணும்."

"ஆனா திரும்புது சிஸ்டர்."

திலகவதி குழந்தையைப் பார்க்கவில்லை. ஜெபாவைப் பார்த்தார். கலைந்த தலை, குழி விழுந்த கண். குரலைத் தணித்துக்கொண்டார்.

"தானாத் திரும்பாது. யாராச்சும் திருப்பித்தான் வெக்கணும். நீ தூங்குறியாம்மா? சாப்புடுறியா? சும்மா அழணும்னு தோணுதா? சொல்லு, தப்பில்ல. பெத்தவுங்க நெறைய பேருக்கு இப்பிடி ஆவுது. நான் டாக்டர் கிட்ட இட்டுக்குனு போறேன்."

அவர் சொன்னதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அதுதான் ஜெபாவை உடைத்தது. வாசலில் மோசஸைத் தனியாக அழைத்து, அவளைத் தனியே விடாதே என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனது அவள் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து மோசஸின் பார்வை மாறியது. அவள் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் அவன் கண் அவள் கையிலேயே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மெல்ல மெல்ல ஜெபாவும் தன் கைகளைப் பார்க்கத் தொடங்கினாள். ஒருவேளை நான்தானோ? தூக்கத்தில் எழுந்து நானே திருப்பி, நானே தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவளாக வந்து படுக்கிறேனோ? பச்சைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு விழித்திருப்பாள். தண்ணீர் காய்வதற்குள் கண் செருகும். மடியிலேயே வைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது. அசந்தால் மடியிலிருந்தே நழுவிவிடும். கீழே போடவும் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையை வைக்க அந்த வீட்டில் ஓர் இடம் இல்லாமல் போனது.

ஒரு நாள் காலையில் ஷிப்ட் முடித்து வந்த மோசஸிடம் ஒரு பழைய காட்டன் புடவையை நீட்டினாள்.

"என் கையக் கட்டு மாமா."

"இன்னா பேசுற நீ?"

"ரெண்டு கையும் சேத்து ஜன்னல் கம்பில கட்டு. பாப்பாவை எட்டாத தூரத்துல போடு. நீ வாசப்படில ஒக்காந்து பாரு. இன்னைக்கு அது திரும்பலன்னா நான்தான். என்னை எங்க வேணா இட்டுக்குனு போ."

அவன் முடியாது என்றான். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை; புடவையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் அவன் கட்டினான். கட்டும்போது அவன்தான் அழுதான். "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இறுக்கினான்.

ஜெபா சுவரில் முதுகை வைத்து, ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சுவரோரம் பாயில் குழந்தை, மல்லாக்க. அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மோசஸ். விடிய விடிய உலை முன்னால் நின்றுவிட்டு வந்தவன். கண்ணைக் கசக்கினான். தொடையைக் கிள்ளிக்கொண்டான். வெயில் ஏற ஏற அவன் தலை மெதுவாக நிலைச்சட்டத்தில் சாய்ந்தது.

தூரத்துச் சம்மட்டி மெஷின் நின்றது. சாப்பாட்டு நேரமாக இருக்கலாம்.

சேற்று வாடை எழுந்தது.

அவள் விழித்திருந்தாள். பின்னால் எத்தனையோ பேரிடம் அதைத்தான் அடித்துச் சொன்னாள், விழித்துத்தான் இருந்தேன் என்று. குழந்தையின் பக்கத்தில் விரிப்புத் துணி கொஞ்சம் குழிந்தது. யாரோ முட்டி போட்டது போல.

குழந்தை கண்ணைத் திறந்தது. மேலே பார்த்தது. சிரித்தது.

ஜெபா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

குழந்தையின் ஒரு தோள் மெல்ல எழும்பியது. பாதியில் நின்றது. கீழே விழுந்தது. மறுபடி எழும்பியது. தூக்குகிறவருக்குத் தெம்பு போதவில்லை போல இருந்தது. தோளுக்குப் பிறகு இடுப்பு. குழந்தை பக்கவாட்டில் நின்று ஆடி, தொப்பென்று குப்புற விழுந்தது. ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டது.

அந்தக் கையை அது பதமாக வெளியே இழுத்துவிட்டது.

ஜெபாவால் கடைசிவரை மறக்க முடியாமல் போனது அதுதான். பிள்ளைக்கு வலிக்கக்கூடாதே என்று, விரலெல்லாம் பிரித்து நேராக்கி, கையைப் பக்கத்தில் வைத்தது.

பொத்… பொத்… பொத்…

குழந்தையின் முதுகில் சட்டைத்துணி அமுங்கி அமுங்கி எழுந்தது.

ஜெபா கையை இழுத்தாள். புடவை இறுகியது. காலை நீட்டினாள். கட்டைவிரல் நுனிக்குப் பாயின் ஓரம் சிக்கியது. இழுத்தாள். பாய் குழந்தையோடு சேர்ந்து கொஞ்சம் நகர்ந்தது.

தட்டலும் கூடவே நகர்ந்து வந்தது.

தையல் கிழிகிற வலியில் அவளுக்குக் குரல் திறந்தது. "மாமா!"

மோசஸ் நாற்காலியோடு சரிந்து விழுந்து எழுந்தான். அவன் பார்த்தது இவ்வளவுதான்: மனைவி ஜன்னலில் கட்டுண்டபடி இருக்கிறாள். நடுத்தரையில் குழந்தை குப்புறக் கிடக்கிறது. அதன் முதுகுத்துணி, யாரும் தொடாமல், ஒரே ஒரு தடவை அமுங்கி எழுந்தது.

தூக்கினான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. உள்ளங்காலைத் தேய்த்தான், முதுகைத் தேய்த்தான், "ஏசப்பா, ஏசப்பா" என்று கத்தினான். அந்தச் சத்தத்துக்கு அடுத்த போர்ஷன் தமிழ்செல்வி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். குழந்தை வீலென்று அழுதபோது மோசஸும் தமிழ்செல்வியும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜெபாவின் கட்டை அவிழ்த்தது தமிழ்செல்விதான். அவிழ்க்கும்போது அவள் ஏன் கட்டினீர்கள் என்று கேட்கவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"இங்க மின்ன இருந்த பொண்ணும் இதயேதான் சொல்லிச்சி ஜெபா. மல்லாக்கத்தான் போட்டேன், மல்லாக்கத்தான் போட்டேன்னு. நாங்க யாரும் நம்பல."

அந்தப் பெண்ணின் பெயர் சோனியா. அவளுடைய ஆண்பிள்ளை அந்த அறையில்தான் தூக்கத்தில் செத்தது. தாய் மேலே புரண்டு படுத்துக் கொன்றுவிட்டாள் என்று ஊர் சொன்னது. போலீஸ் வந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போனான். இப்போது திருப்பாச்சூரில் அப்பாவோடு இருக்கிறாளாம்.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். மோசஸோடு வேலை செய்யும் பாக்கியராஜ் கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு ஷீட் போட்ட அறை பார்த்துக் கொடுத்தான். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போன மோசஸ், சடையப்பனிடம் நேருக்கு நேர் கேட்டான்.

"ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

சடையப்பன் சாவியைக் கையில் வாங்காமல் மதில்மேல் வைக்கச் சொன்னார். "நெலமா இருந்தப்ப மத்தியான வேளைல அந்த ஓரத்துல நட்வு ஆளுங்க யாரும் ஒக்கார மாட்டாங்க. ஏன்னு எங்கப்பன் எனக்குச் சொல்லல. நானும் கேக்கல," என்றார்.

புது அறை கொதித்தது. ஆனால் அதில் சேற்று வாடை இல்லை. குழந்தை அழுதது, விழித்தது, மறுபடி அழுதது. போட்டது போட்டபடி மல்லாக்கக் கிடந்தது. ஜெபாவுக்கு அந்த அழுகை போதும். இருந்தாலும் மனசுக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மோசஸின் ஓய்வு நாளில் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் பஸ் பிடித்தார்கள்.

திருப்பாச்சூர் மெயின்ரோட்டில் பஞ்சர் கடை. சோனியாவின் அப்பா அரசப்பன் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் கொப்புளம் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் சொன்னதும் நிமிர்ந்து பார்க்காமல் கட்டைவிரலால் பின்பக்கத்தைக் காட்டினார்.

சோனியா சின்னப் பெண். ஜெபாவைவிடவும் சின்னவளாக இருக்கலாம். குழந்தையைக் கண்டதும் இரண்டு எட்டு பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தூக்க மாட்டேன். பயப்படாதக்கா."

ஜெபா நடந்ததையெல்லாம் சொன்னாள். தோள் எழும்பி விழுந்ததை, கையை இழுத்துவிட்டதை, தட்டியதை. சோனியா இமைக்காமல் கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சேத்து வாடை வந்திச்சா?"

"வந்திச்சி."

சோனியா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அவள் அழுதது சத்தமில்லாத அழுகை. ஜெபா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கெட்டதுன்னு எனக்குத் தோணலக்கா," என்றாள் சோனியா கடைசியில். "கெட்டதா இருந்தா வேண்டிக்கலாம், வெரட்டலாம். அதுக்கு ஆசை. தூங்க வெக்கணும்னு ஆசை. எப்பிடின்னு தெரியல. அதுங்கிட்ட போயி இன்னான்னு சொல்லுவ?"

"அது எங்க கூட வருமா சோனியா?"

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்?" சோனியா குழந்தையைப் பார்த்தாள். "எனக்கு அப்பறம் வேற புள்ள இல்லியே."

கிளம்பும்போது வாசல் வரை வந்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எங்க நைனா கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறியாக்கா? சோறு போடுறாரு, தங்க வெச்சிருக்காரு. ஆனா அன்னிலேருந்து என்னோட பேசறதில்ல."

ஜெபா தொட்டியருகில் போய் நின்றாள். "ஐயா, ஒங்க பொண்ணு மேல தப்பில்ல. மல்லாக்கத்தான் போட்டிருக்கா. என் கண்ணால பாத்தேன்யா, திருப்பிப் போட்டது வேற ஏதோ."

அரசப்பன் டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கியபடியே இருந்தார். கொப்புளங்கள் வந்துகொண்டேயிருந்தன, அவர் கை ஓட்டையை அடைக்கவில்லை. பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜெபா திரும்பிப் பார்த்தபோது, அவர் ஈரக்கையோடு கடைக்குப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

மாதங்கள் போயின. பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகி ரூத் என்று பெயர் வைத்தார்கள். ஒரு காலையில் ரூத் தானாகவே புரண்டு குப்புற விழுந்து, தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். ஜெபா முதலில் அலறினாள். பிறகு புரிந்து, பிள்ளையைக் கட்டிக்கொண்டு சிரித்துச் சிரித்து அழுதாள். இனி இவள் தானே புரளுவாள், தானே தலையைத் தூக்குவாள், மூச்சு முட்டினால் தானே திரும்பிக்கொள்வாள். ரூத் தவழ்ந்தாள், உட்கார்ந்தாள், இடுப்பில் ஏறிக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்தாள். ஜெபா கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கக் கற்றுக்கொண்டாள்.

மோசஸுக்குத்தான் ஓய்வில்லை. ஆள் குறைத்துவிட்டார்கள் என்று இரட்டை ஷிப்ட். ஒரு நாள் முற்பகலில்தான் வந்தான். சாப்பிடவில்லை, உலைத்தூசி படிந்த சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பாயில் மல்லாக்க விழுந்தான். விழுந்த உடனே குறட்டை. ஜெபா சிரித்துக்கொண்டே ரூத்தை இடுப்பில் வைத்து, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள்.

வரிசை நீளம். அவள் திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஷீட் கூரை சூட்டில் சடசடத்தது.

உள்ளே குறட்டைச் சத்தம் இல்லை.

பொத்… பொத்…

அவள் வாசற்படியில் கால் வைத்ததும் நின்றது.

மோசஸ் குப்புறக் கிடந்தான். முகம் முழுதும் தலையணைக்குள் புதைந்திருந்தது. கைகள் இரண்டும் நேராக, ஒழுங்காக, விரல்கள் பிரித்தபடி பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன.

குடம் நழுவியது. ரூத்தை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, மறுகையால் அவன் தோளைப் பிடித்து, முட்டியை ஊன்றி இழுத்தாள். நகரவில்லை. அந்தப் பெரிய உடம்பு இரும்பாகக் கனத்தது. பல்லைக் கடித்து மறுபடி இழுத்தாள். அவன் சரிந்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பி விழுந்தான்.

மூச்சு வந்தது. நீளமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"மாமா… மாமா!"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. வறண்ட உதட்டில் ஒரு சிரிப்பு மட்டும் வந்தது. இத்தனை நாளில் அப்படி ஒரு சிரிப்பை அவள் அவனிடம் பார்த்ததில்லை.

"எவ்ளோ நல்லா தூங்கிக்கினு இருந்தேன் ஜெபா," என்று முணுமுணுத்தான். "ஏன் தட்டறத நிறுத்திட்ட?"

கவிழ்ந்த குடத்தின் தண்ணீர் பாயை நனைத்துக்கொண்டு ஓடியது. அவன் முதுகு அவள் பக்கமாக இருந்தது. சட்டை முழுதும் உலையின் கறுப்புத் தூசி. நடுமுதுகில் ஓர் இடத்தில் மட்டும் தூசி இல்லை. தட்டித் தட்டி அந்த இடம் வெளுத்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தது.

ஜெபா தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

குட்டி விரல்களோடு அந்தத் தடம் முழுதும் அவள் உள்ளங்கைக்குள்ளேயே அடங்கிவிட்டது.